பொறுப்பு எச்.எம்.

ஓடையங்கொட்டாய் உயர்நிலைப் பள்ளிக்குப் புது எச்.எம். வருகிற சேதி ராஜாங்கம் வாத்தியாருக்குக் கழனியில் வைத்துத்தான் தெரிந்தது. கரும்புக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பியூன் பச்சமுத்து வரப்போரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, "சார், ஆர்டர் வந்திடிச்சாம். மணலூர்பேட்ட பக்கமாம். லேடீஸு" என்றான்.

மடை திறந்தபடியே கிடந்தது. தண்ணீர் பக்கத்துக் கழனிக்குப் போய்க்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

விழுப்புரம் தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்த சமயம் அது. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலைக்குப் போகிற தார்ரோட்டின் மேலேயே பள்ளிக்கூடம். பழைய எச்.எம். ஓய்வு பெற்றதிலிருந்து கணக்கு வாத்தியார் ராஜாங்கம்தான் பொறுப்பு எச்.எம். பொறுப்பு என்பது நாளடைவில் அவருக்கு மறந்துபோயிருந்தது. ஊரிலும் அவரை எச்.எம். சார் என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். கடைத்தெருவில் அவர் மனைவி கொளஞ்சியம்மாளைப் பார்த்தால் எச்.எம். வூட்டம்மா என்று வழிவிட்டார்கள்.

முன்பே அவருக்குப் பதவி உயர்வு வந்தது. திருக்கோவிலூர் தாண்டிப் போகச் சொன்னார்கள். கிணறும் கரும்பும் கிடக்கிற ஊரை விட்டு எப்படிப் போவது, வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். இருந்தால் இங்கேயே எச்.எம்.மாக இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. அப்படி விட்டுக்கொடுத்த இடம் அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களைத் தேடிப் போயிற்று. அதில் ஒருத்திதான் புது எச்.எம்.மாக வருகிற இந்த ஜெயம்மாள். யாரும் எதையும் பிடுங்கவில்லை. அது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

கொளஞ்சியம்மாளின் சித்தப்பா மகன் சுப்புராயன் மணலூர்பேட்டையில் பெண் எடுத்தவன். ஒருநாள் மாங்காய் மூட்டையோடு வந்தவன், சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"மாமா, உங்க புது எச்.எம்.ம எங்க மாமியார் வூட்ல எல்லாருக்கும் தெரியும். அவங்கம்மா எங்க மாமனார் கழனிக்கி நடவுக்கு வந்தவங்கதான். இந்தம்மாவே சின்னதுல களை எடுத்திருக்குதாம்."

"கேட்டுக்கோ கொளஞ்சி" என்றார் ராஜாங்கம். "நாத்து நட்டவங்க வூட்டுப் பொண்ணு கிட்ட நாளிக்கி நான் லீவு கேட்டு நிக்கணும்."

"படிச்சி வந்திருக்காங்க. வந்துட்டுப் போவட்டும்" என்று கொளஞ்சியம்மாள் குழம்பை ஊற்றினாள். ஆனால் அவளுக்கும் கரண்டி தட்டில் கொஞ்சம் அழுத்தமாகத்தான் விழுந்தது.

ஜெயம்மாள் வந்து சேர்ந்தபோது பெரிய கறுப்புக் குடையும், கஞ்சி போட்ட நூல் புடவையுமாக வந்தார். புருசன் மிலிட்டரியில் எங்கோ வடக்கே இருந்தார். கச்சிராயபாளையத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கினார். முதல் நாள் வாத்தியார்களை உட்காரவைத்து ஒவ்வொருவரிடமும், எந்த வகுப்பு எடுக்கப் பிடிக்கும், எதில் சிரமம் என்று கேட்டார். இப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் பாதிப் பேருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ராஜாங்கம் முறை வந்ததும், "எப்பவும் நான் டென்த்துக்கு மட்டுந்தான் எடுப்பேன்" என்றார்.

"எடுங்க சார். டென்த் உங்களுதுதான். டைம்டேபிளும் நீங்களே போடுங்க, ஸ்கூல் நெலவரம் உங்களுக்குத்தான் தெரியும். ஒம்பதாவது பி கணக்க எனக்குக் குடுத்துடுங்க."

ஒன்பதாவது பி என்றால் வாத்தியார்களுக்கு நடுக்கம். எச்.எம். வேலையோடு சேர்த்து அதையும் ஒருத்தி கேட்டு வாங்கிக்கொள்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று ராஜாங்கம் வீட்டுக்கு வரும்வரை யோசித்தார். வந்ததும் கொளஞ்சியம்மாளிடம், "நடிப்பு. மொத்தமும் நடிப்பு" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது. காலையில் காப்பி குடிக்கும்போது அந்தம்மா. ராத்திரி கை கழுவும்போது அந்தம்மா. அந்தம்மா மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பில் காரம் ஜாஸ்தி என்று சமையற்காரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தமிழ் வாத்தியாருக்கு நாடகம் போடத் தெரியும் என்று கண்டுபிடித்து அவரிடம் ஆண்டுவிழாவை ஒப்படைத்தார். யார் வகுப்பிலாவது போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஒருவரையும் பிள்ளைகள் எதிரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையெல்லாம் குற்றம் சொல்லுகிற குரலில்தான் ராஜாங்கம் சொன்னார். கேட்டுக் கேட்டு கொளஞ்சியம்மாளுக்கு அலுத்தது.

"நான் இன்னிக்கி இன்னா பொடவ கட்டியிருக்கேன், சொல்லுங்க பாப்பம்" என்று ஒருநாள் அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள்.

"எதுக்கு?"

"திரும்பிப் பாக்காம சொல்லுங்க."

அவரால் சொல்ல முடியவில்லை.

"அந்தம்மா இன்னா கட்டியிருந்தாங்க?"

"பச்ச கர வச்ச…" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

அடுத்த நாள் கொளஞ்சியம்மாளே சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அவர் எடுத்துப் போக மறந்துவிட்டதாகச் சாக்கு. வேப்பமரத்தடியில் பிள்ளைகளோடு ஜெயம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ராஜாங்கம் சார் வூட்டம்மாவா? வாங்க வாங்க. தூக்குல இன்னா கொழம்பு? வாசன இங்க வருது."

"மொச்சக்கொட்ட போட்ட கருவாட்டுக் கொழம்புங்க."

"எனக்கு ரெண்டு கரண்டி ஊத்திட்டுப் போங்களேன். ஒண்டியா பொங்கித் துன்னு நாக்கு செத்துப் போச்சி."

ஊற்றிவிட்டு வந்தாள். ராத்திரி அவரிடம், "நல்லவங்களாத்தான் இருக்காங்க. அதான் எனக்கும் எரியுது" என்றாள்.

மலைப் பிள்ளைகள் விஷயத்தில்தான் ராஜாங்கத்துக்குப் பொறுக்கவே முடியாமல் போயிற்று. மலையிலிருந்து இறங்குகிற முதல் பஸ்ஸில் எட்டுப் பேர் வருவார்கள். பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வராது. பிரேயர் மணி அடித்ததும் கேட்டை மூடிவிடுவது ராஜாங்கத்தின் சட்டம். பிந்தி வந்தவர்கள் இன்டர்வெல் வரைக்கும் வெளியே நிற்கவேண்டும். அப்படி நின்று நின்று போன வருடம் பாதிப் பேர் படிப்பையே விட்டிருந்தார்கள். ஜெயம்மாள் வந்ததும் விசாரித்தார். மறுவாரமே, மலை பஸ் வந்த பிறகுதான் பிரேயர் மணி என்றாகிவிட்டது.

"ஒரு பஸ்ஸுக்காவ ஸ்கூலே காத்துக்கெடக்கணுமா மேடம்?" என்று கேட்டார் ராஜாங்கம்.

"பஸ்ஸு நம்ம சொன்னா கேக்காது. மணி நம்ம கையில இருக்குது சார்" என்றார் ஜெயம்மாள்.

கார்த்திகை மாதம். கோமுகி அணைப் பக்கம் இரண்டு நாளாக மழை விடவில்லை. விழுப்புரத்தில் தலைமையாசிரியர்கள் கூட்டம் என்று ஜெயம்மாள் போகவேண்டியிருந்தது. போவதற்கு முன், "சார், நாளிக்கி ஸ்கூல் உங்க பொறுப்பு" என்றார். கூடவே எதுவும் சொல்லவில்லை. அது செய், இது செய்யாதே என்று ஒரு வார்த்தை இல்லை.

காலையில் ராஜாங்கம் பழைய நேரத்துக்கே மணி அடிக்கச் சொன்னார்.

"சார், மல பஸ் இன்னும் வரல" என்றான் பச்சமுத்து.

"அடிடா."

மணி அடித்தது. கேட் மூடியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு பிரேயரில் நின்றபோது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதுகு நிமிர்ந்தது. பாதிப் பிரேயரில் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. கேட்டின் கம்பிக்கு அந்தப் பக்கம் எட்டு முகங்கள். மழை வலுத்தது. அவர் வகுப்புக்குப் போய்விட்டார். வட்டத்தின் தொடுகோடு நடத்தினார். அன்றைக்கு நன்றாக நடத்தினார்.

இன்டர்வெலுக்குக் கேட்டைத் திறந்தபோது ஏழு பேர்தான் இருந்தார்கள், புளியமரத்தடியில் ஒண்டிக்கொண்டு. ஒன்பதாவது பி பாப்பாத்தி மலைக்குத் திரும்பி நடந்தே போய்விட்டாள் என்றார்கள். அப்புறம் அவள் வரவில்லை.

கூட்டம் முடிந்து வந்த ஜெயம்மாள் ராஜாங்கத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இன்னா நடந்திச்சி சார்?"

"ரூல் எதுவோ அதத்தான் செஞ்சேன். பொறுப்பு நீங்கதானே குடுத்தீங்க."

"ஆமா. நாந்தான் குடுத்தேன்."

அவ்வளவுதான். வேறேதாவது வரும் என்று அவர் நின்றார். ஜெயம்மாள் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர் சங்கத் தலைவர் கண்ணாயிரம் வாழை மண்டி வைத்திருப்பவர். விஷயம் காதுக்கு எட்டியதும் நாலு பேரோடு வந்துவிட்டார். "கேட்ட மூடச் சொன்னது யாரு? மல ஜனம்னா அவ்ளோ எளக்காரமா?" என்று எல்லா வாத்தியார்கள் எதிரிலும் கேட்டார்.

"நான் போவும்போது தெளிவா சொல்லிட்டுப் போயிருக்கணும். சொல்லல" என்றார் ஜெயம்மாள். "இந்த ஸ்கூல்ல நான் இல்லாத அன்னிக்கி நடந்தாலும் என் தப்புத்தாங்க. அந்தப் பொண்ண கூட்டியாற வேண்டியதும் என் வேல."

கண்ணாயிரம் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். ராஜாங்கத்துக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். மேலிடத்துக்கு எழுதியிருந்தால் வன்மம் வைத்திருக்கலாம். இப்போது எதையும் செய்ய வழியில்லாமல் அவள் உயரமாகிக்கொண்டே போகிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெயம்மாள் கேட்டார்: "ஞாயித்துக்கெழம நான் மலைக்குப் போறேன் சார். கூட வர்றீங்களா?"

"மில்லுலேருந்து கரும்பு வெட்டு ஆர்டர் வந்திருக்குது மேடம். நாளிக்கி வெட்டு, நாளன்னிக்கி லோடு. முடியாது."

அது பொய்யில்லை. சனிக்கிழமை விடிந்ததும் வெட்டாட்கள் வந்து நின்றார்கள். மழை விட்டுக் கழனி சொதசொதவென்று இருந்தது. கொளஞ்சியம்மாள் பெரிய குண்டானில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். ராஜாங்கம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாங்க இது? வெட்டாளு வந்து நிக்கறான், நீங்க எங்க கெளம்பிட்டீங்க?"

"மலைக்கி. அந்தப் பொண்ணு வூட்டுக்கு."

அவள் துடுப்பை நிறுத்தினாள்.

"அந்தம்மா நாளிக்கிப் போறாங்கன்னுதானே நீங்க இன்னிக்கிப் போறீங்க?"

அவர் செருப்பை மாட்டினார்.

"எதுக்காவப் போனா இன்னா. போங்க. மழையில வெரட்டன புள்ள" என்று மறுபடி களியைக் கிண்ட ஆரம்பித்தாள். "கெழக்குப் பக்கம் ஈரம் ஜாஸ்தி, அத கடைசியா வெட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லு."

பஸ் மலைப்பாதையில் பாதி ஏறியதும் இறங்கினார். ஒற்றையடியில் மரவள்ளிக் கொல்லைகளைத் தாண்டி நடந்தார். சரிவெல்லாம் சாமை அறுத்த தாள். பாப்பாத்தியின் வீட்டு வாசலில் பாய், அலுமினியக் குண்டான், போர்வை எல்லாம் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது. அவள் அப்பா முனியன் எழுந்து நின்றான்.

"யாருங்க?"

"ஸ்கூல்ல இருந்து வர்றேன். கணக்கு சார்."

"ஒக்காருங்க. நாள காத்தால மேஸ்திரி வண்டி வருது. கொடகுக்குப் போறோம், காப்பிக்கொட்ட பறிக்க. பொண்ணும் வருது." கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கி கேட்ட மூடனது யாருங்க?" என்று கேட்டான்.

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது போலத்தான் கேட்டான். பச்சமுத்து என்று சொல்லலாம். சட்டம் என்று சொல்லலாம். உள்ளேயிருந்து அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்பா" என்றார் ராஜாங்கம்.

பாப்பாத்தியின் அம்மா இருசம்மாள் அடுப்படியிலிருந்து பேசினாள். "மழையில நனஞ்சிக்கினே இம்மாந்தொலவு நடந்து வந்திச்சிங்க. மூணு நாளு சொரம். பஸ்ஸு லேட்டா வந்தா எங்க பொண்ணு இன்னாங்க பண்ணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. நான் செஞ்சது தப்புதாம்மா."

"பெரிய டீச்சரு இங்க ரெண்டு தபா வந்திருக்காங்க. இதே எடத்துல ஒக்காந்து சாமச்சோறு துன்னாங்க. இந்த வயசுல வேலைக்கி இட்டுக்கினு போவாதீங்கன்னாங்க. சரின்னுதான் இருந்தோம். நீங்கல்லாம் கேட்ட மூடுவீங்கன்னு தெரியுமா?"

இங்கேயும் அவள் முந்தியிருக்கிறாள். இருசம்மாள் அவருக்கும் சாமைச்சோறும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே பாப்பாத்தியைக் கூப்பிட்டார்.

"கணக்குல எவ்ளோம்மா எடுப்ப?"

"தொண்ணூத்தொண்ணு சார்."

அவர் நிமிர்ந்தார். ஒன்பதாவது பி-யில் அப்படி ஒரு பெண் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"எச்.எம். டீச்சர் நல்லா நடத்தறாங்களா?"

"நல்லா நடத்துவாங்க சார். அடுத்த வருசம் நீங்கதான் வருவீங்கன்னு சொல்லியிருக்காங்க. ராஜாங்கம் சார் கிட்ட கணக்கு கத்துக்கினா அப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் பயம் இல்லன்னாங்க."

தண்ணீர் சொம்பை எடுத்தார். நெடுநேரம் குடித்தார்.

"முனியா, நீங்க போய்ட்டு வாங்க. பொண்ண வுட்டுட்டுப் போ."

"வுட்டா எங்கங்க இருக்கும்? மலையில ஆளே இருக்காது."

"எங்க வூட்ல இருக்கட்டும். எங்க வூட்டு அம்மா பாத்துக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அவர்கள் வீட்டில் மலைக்காரர்கள் கடுக்காய் மூட்டை இறக்க வந்தால்கூட வாசலோடு சரி. முனியன் மனைவியைப் பார்த்தான். இருசம்மாள் மகளைப் பார்த்தாள். பாப்பாத்தி மூட்டையிலிருந்து தன் பாவாடை சட்டையைத் தனியாக எடுக்க ஆரம்பித்தாள்.

சாயங்கால பஸ்ஸில் இருவரும் இறங்கியபோது கழனியில் வெட்டு முடிந்து, கட்டுகள் வரப்போரம் அடுக்கியிருந்தன. கொளஞ்சியம்மாள் உடம்பெல்லாம் காய்ந்த கரும்புச் சோகைத் தூசியோடு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். ராஜாங்கம் நடந்ததைச் சொன்னார். அவள் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"துன்னியாடி?"

பாப்பாத்தி தலையை ஆட்டினாள்.

"பொய் சொல்லாத. கண்ணு உள்ள போய்க்கினு இருக்குது. வா." கூட்டிக்கொண்டு நடந்தவள் திரும்பி அவரிடம் கேட்டாள்: "அந்தம்மா நாளிக்கி மலைக்குப் போவாங்களே. சொல்லிட்டீங்களா?"

"போவட்டும். போனாத்தான் தெரியும்."

"இன்னா தெரியும்? நீங்க கூட்டியாந்துட்டது தெரியணும், அதுக்கு ஒரு பொம்பள அவ்ளோ தூரம் ஏறி எறங்கணுமா? பொண்ண இட்டாந்தது நல்ல காரியம். அதக் கெடுத்துக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ராஜாங்கம் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு சைக்கிள் மிதித்தார். ஜெயம்மாள் குடையோடு நின்றிருந்தார்.

"மேடம், பாப்பாத்தி எங்க வூட்ல இருக்குது. நேத்தே போயி இட்டாந்துட்டேன். நாளிக்கி ஸ்கூலுக்கு வந்துடும்."

ஜெயம்மாளுக்கு முகம் மலர்ந்தது. "சார்… ரொம்ப பெரிய வேல செஞ்சிருக்கீங்க. நாளிக்கி பிரேயர்ல எல்லாருக்கும் சொல்றேன்."

"வேணாம் மேடம். சொல்லாதீங்க."

"ஏன் சார்?"

அவர் சைக்கிள் பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டார். "உங்களுக்கு முந்தி நான் செஞ்சி காட்டணும்னுதான் போனேன். நீங்க மேல நின்னு பாராட்டினா எனக்கு எரியும். வந்த நாளா எரியுது. அன்னிக்கி கேட்ட மூடனதும் அதுக்குத்தான்."

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஜெயம்மாள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தெரியும் சார். மழையில நின்ன எட்டுப் புள்ளைங்கள நெனச்சி எனக்கும் உங்க மேல ஆத்திரம் வந்திச்சி. அத இப்பவே சொல்லிடறேன். அன்னிக்கி திட்டியிருந்தா நீங்க அப்புறம் கேட்டத் தொறந்து வச்சிருப்பீங்க, மனச மூடியிருப்பீங்கன்னுதான் வுட்டேன். எரியறது உங்களுக்கு மட்டுமில்ல. நீங்க டென்த்ல நடத்தும்போது வராண்டாவுல நின்னு கேப்பேன். ஒரு கணக்க நாலு வழியில போடறீங்க. நானும் இருவது வருசமா நடத்தறேன், அது எனக்கு வரல. இவருக்குப் போயி இத குடுத்தாரே ஆண்டவன்னு எத்தினியோ நாளு வயிறெரிஞ்சிக்கினு ரூமுக்குப் போயிருக்கேன்."

மலை பஸ் வந்து நின்றது. ஜெயம்மாள் படியில் கால் வைத்தார்.

"பாப்பாத்திதான் வந்திடுச்சே மேடம்."

"ஏழாவதுல ரெண்டு புள்ளைங்க வரல சார். அவங்க வூட்டுக்கும் மேஸ்திரி போயிருப்பான்." ஏறியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னார்: "பிரேயர்ல சொல்லல. ஒம்பதாவது பி-க்கு வாரத்துல ரெண்டு பீரியடு நீங்க எடுங்க. பின்னால ஒக்காந்து நானும் கத்துக்கறேன்."

பஸ் போய்விட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டே அவர் நெடுந்தூரம் நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது லோடு ஏற்ற லாரி இன்னும் வரவில்லை. பாப்பாத்தி கொல்லையில் பாத்திரம் துலக்க உட்கார்ந்திருந்தாள். கொளஞ்சியம்மாள் அவளை எழுப்பி, போய்ப் படி என்று விரட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"அவங்களுக்கும் எம்மேல பொறாமையாம்."

கொளஞ்சியம்மாள் யோசித்தாள். "உங்களுக்கு அவங்க மேல. அவங்களுக்கு உங்க மேல. எனக்கு ரெண்டு பேரு மேலயும். எம்மேல பொறாமப்படத்தான் இந்த ஊர்ல ஒருத்தரும் இல்ல போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் அவள் கைகளைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கரும்புச் சோகை கிழித்த கோடுகள் சிவந்து தடித்திருந்தன. கட்டியிருந்தது ஊதாப் புடவை. ஓரத்தில் சாம்பல் கறை.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தலையில் துண்டைக் கட்டினார்.

"லோடு நான் பாத்துக்கறேன். நீ போயி செத்த நேரம் படு" என்றார்.

"ஊதாவா, பச்சையா?" என்று கேட்டாள் அவள்.

"ஊதா" என்று சொல்லிவிட்டுக் கழனிப் பக்கம் இறங்கினார்.